காவல் இருந்து பழகிய காது

கேள்வி: காட்பாடியை அடுத்த கழிஞ்சூரில் வசிக்கும் 56 வயதுப் பெண் நான். என் கணவருக்குச் சிறுநீரகம் செயலிழந்து, நான்கு ஆண்டுகள் வாரத்துக்கு மூன்று முறை டயாலிசிஸ் நடந்தது. முதல் ஷிஃப்டுக்குப் போக நாலரை மணிக்கே எழுவோம். கடந்த ஐப்பசியில் அவர் காலமானார். இரவெல்லாம் அவருடைய மூச்சு சீராக வருகிறதா என்று கேட்டுக்கொண்டே படுத்திருந்தவளுக்கு இப்போது வீட்டின் நிசப்தம் தாங்க முடியவில்லை. மருத்துவர் எழுதிக் கொடுத்த மாத்திரைகளைச் சாப்பிடுகிறேன். எனக்குச் சர்க்கரையும் உண்டு. மாசியில் ஒருநாள் படுக்கப் பிடிக்காமல் எழுந்து ஏரிக்கரைப் பக்கம் நடந்தேன். பறவைச் சத்தத்தில் மனம் லேசானது. அன்றிலிருந்து முடிந்தபோதெல்லாம் போகிறேன். என் நாத்தனார், "வருஷம் திரும்பல, அதுக்குள்ள விடியக்காலையில உலா கேக்குதா? எதிர்ல வர்றவங்க என்ன நெனப்பாங்க?" என்கிறார். பெங்களூரில் இருக்கும் மகன், "நாய்ங்க அதிகம், போன்லயே பறவைச் சத்தம் போட்டுக் கேளுங்கம்மா" என்கிறான். குயில் கூவினால் மட்டும் அழுகை வந்துவிடுகிறது. என் கணவர் குயிலுக்குப் பதில் கூவுவார். எனக்கு நிம்மதி வருவது தவறா? மாத்திரைகளை நிறுத்திவிடலாமா? வெயில் ஏறிப் பறவைகள் ஓய்ந்துவிட்டால் பழையபடி ஆகிவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது.

— பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

நீங்கள் கேட்டவை எல்லாவற்றுக்கும் வருகிறேன். அதற்கு முன், கணவரின் மூச்சைக் கேட்டுக்கொண்டே படுத்திருந்ததாகப் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே, அந்த வரியைப் பற்றிச் சொல்ல வேண்டும். மற்றக் கேள்விகளுக்கான விடையும் அங்கிருந்துதான் தொடங்குகிறது. டயாலிசிஸ் நோயாளி இருந்த வீட்டாருக்கு அந்த வரியின் பாரம் தெரியும். இரண்டு டயாலிசிஸுக்கு இடைப்பட்ட நாட்களில் உடம்பில் நீர் தேங்கி நுரையீரலை எட்டிவிட்டால், படுத்திருப்பவருக்கு மூச்சுத் திணறும். இருமலின் ஒலி மாறும். தலையணையை உயர்த்தி வைத்தும் போதாமல் எழுந்து உட்கார்ந்துகொள்வார். அந்த மாற்றத்தை எந்தக் கருவிக்கும் முன்னதாகக் கண்டுகொள்வது பக்கத்தில் படுத்திருப்பவரின் காதுதான். டயாலிசிஸுக்காகக் கையில் ரத்தக் குழாய்களை இணைத்துப் போட்டிருந்த ஃபிஸ்டுலாவில் ரத்தம் ஓடுகிறதா என்று தினமும் தொட்டுப் பார்க்கச் சொல்லியிருப்பார்கள். அதன்மேல் காதை வைத்தால் மெல்லிய இரைச்சல் ஒன்று கேட்டுக்கொண்டே இருக்கும், அது கேட்டுவிட்டால் அன்றைய பொழுதுக்கு நிம்மதி. நான்கு ஆண்டுகள் உங்கள் காது இப்படிக் காவல் இருந்திருக்கிறது.

அந்தக் காவல் ஐப்பசியில் ஒரே நாளில் முடிந்துபோனது உங்களுக்குத் தெரியும். உங்கள் காதுக்கு இன்னும் தெரியவில்லை. நெடுங்காலம் நோயாளியைப் பார்த்துக்கொண்டவர்கள் ஆலோசனைக்கு வரும்போது நான் திரும்பத் திரும்பக் காண்பது இதைத்தான்: துக்கத்தோடு கூடவே ஒரு விழிப்பு உடம்பில் தங்கிவிடுகிறது. சின்னச் சத்தத்துக்குத் திடுக்கிடுவது, சத்தமே இல்லாவிட்டால் அதைவிட அதிகமாகப் பதறுவது, போக வேண்டிய இடம் எதுவும் இல்லாத நாளிலும் நாலரை மணிக்கு அலாரம் இல்லாமல் கண் விழிப்பது ஆகியவை எல்லாம் அதிலிருந்து வருகின்றன. உங்கள் சொந்தக்காரர்கள் 'இனிமேலாவது நிம்மதியாகத் தூங்கு' என்று சொல்லியிருப்பார்கள். நல்ல எண்ணத்தில் சொன்னதுதான், ஆனால் காவல் இருந்து பழகிய காதுக்கு நிசப்தம் ஓய்வாகத் தோன்றாது. ஏதோ கெட்டது நடந்துவிட்டதற்கான அறிகுறியாகவே தோன்றும். அதற்குக் கேட்பதற்கு ஏதாவது ஒன்று வேண்டியிருந்தது, ஏரிக்கரையில் அது கிடைத்திருக்கிறது என்பதே உங்களுக்கு நேர்ந்ததைப் பற்றிய என் கருத்து.

கிடைத்த காலமும் பொருத்தமான காலம். நம் ஊருக்கு வெயில் காலம், கடும் வெயில் காலம் என்று இரண்டே பருவம் என நாமே கேலி பேசிக்கொண்டாலும், பனி விலகியதற்கும் அக்கினி நட்சத்திரத்துக்கும் இடையில் மாசியும் பங்குனியும் இங்கே ஓர் இளவேனிலாகத்தான் இருக்கின்றன. மாமரம் பிஞ்சு பிடிக்கிறது. புங்கமரம் பழைய இலையைக் கொட்டிவிட்டுப் பளபளவென்று துளிர்க்கிறது. வேம்பு பூத்துத் தெருவே மணக்கிறது. ஜவ்வாது மலைப் பக்கம் போனால் இலையே இல்லாத புரச மரங்கள் செம்மஞ்சள் பூவாக நிற்கின்றன. மார்கழியில் இருந்ததைவிட ஆனியில் நம் பகல்பொழுது ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம் நீண்டுவிடுகிறது. அந்த நீட்சியைப் பறவைகள் கண்ணால் மட்டும் அறிவதில்லை. மண்டையோட்டை ஊடுருவிச் செல்லும் வெளிச்சத்தை அவற்றின் மூளைக்குள் ஆழத்தில் உள்ள செல்கள் நேரடியாகவே உணர்கின்றன. அதையொட்டி ஹார்மோன்கள் சுரக்கின்றன, ஆண் பறவைகள் இடம் பிடிக்கவும் துணை தேடவும் பாடத் தொடங்குகின்றன. விடியற்காலையில் பூச்சி தேட வெளிச்சம் போதாது, காற்றும் வாகனச் சத்தமும் குறைவு. ஆகவே குரல் தெளிவாகப் போய்ச் சேர அதுவே நல்ல நேரம்.

நீங்கள் பெயர் சொல்லாமல் 'பறவைகள்' என்று பொதுவாக எழுதியிருப்பதால், ஏறக்குறைய யாரையெல்லாம் கேட்டுக்கொண்டிருக்கிறீர்கள் என்று சொல்லிவிடுகிறேன். இருள் பிரியும் முன்பே தொடங்குவது பெரும்பாலும் கரிச்சான், பகலில் மின்கம்பியில் உட்கார்ந்திருக்கும் அதே இரட்டைவால் குருவி. அடுத்து விசில் அடிப்பதுபோல், ஒவ்வொரு முறையும் சற்றே மாற்றிப் பாடுவது குண்டுக்கரிச்சானாக இருக்கலாம். கறுப்பும் வெள்ளையுமாக, வாலைத் தூக்கித் தூக்கி இறக்கும் அந்தப் பறவை குளிர்காலம் முழுவதும் பாட்டை ஏறக்கட்டி வைத்திருந்துவிட்டு, இப்போது மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டியின் மேல் ஏறி நின்று பாடும். தவிட்டுக்குருவிகள் கூட்டமாகச் சண்டை பிடிப்பதுபோல் கத்திக்கொண்டு தரையில் சருகைக் கிளறும். ஏரி மண்ணில் ஆள் நடமாட்டம் தெரிந்ததும் கூச்சலிட்டு எழும்புவது ஆட்காட்டி; இந்த மாதங்களில் அது வெறும் தரையில் முட்டையிடும் என்பதால், உங்கள் தலைக்கு மேலே சுற்றிச் சுற்றிக் கத்தினால் அந்த இடத்தை விட்டு விலகிப் போய்விடுங்கள்.

இவற்றில் ஒன்றை மட்டும் நீங்கள் தேடிக் கேட்க வேண்டும் என்று விரும்புகிறேன். வெயில் பட்டதும் உயரமான மொட்டைக் கிளையின் நுனியில் செம்மார்புக் குக்குறுவான் வந்து உட்காரும். சிட்டுக்குருவியைவிடச் சற்றுப் பெரிய பச்சைப் பறவை. நெற்றியிலும் மார்பிலும் சிவப்பு, கண்ணைச் சுற்றி மஞ்சள். பாத்திரம் தட்டும் பட்டறைச் சத்தம்போல 'டொக், டொக், டொக்' என்று, தாளம் கொஞ்சமும் தப்பாமல், நிமிடக் கணக்கில் ஒலித்துக்கொண்டே இருக்கும். தலையை இடமும் வலமும் திருப்பிக்கொண்டே ஒலிப்பதால், சத்தம் இரண்டு மரங்களிலிருந்து மாறி மாறி வருவதாகத் தோன்றும். சீராக வருகிறதா, சீராக வருகிறதா என்று நான்கு ஆண்டுகள் கேட்டுப் பழகிய உங்கள் காது அந்தத் தாளத்தை உடனே பற்றிக்கொள்ளும். பிறகு அது சட்டென்று நிற்கும். அப்போது உங்களுக்கு உள்ளே ஒரு துணுக்கம் எழக்கூடும். எழட்டும். நீங்கள் யாரையும் கூப்பிட வேண்டியதில்லை, ஆட்டோ பிடிக்க வேண்டியதில்லை; பறவை வேறு கிளைக்குப் போயிருக்கிறது, அவ்வளவுதான். ஓர் ஒலி நின்றாலும் அதற்குப் பிறகு ஒன்றும் செய்ய வேண்டியதில்லை என்பதை உடம்பு மறுபடி கற்றுக்கொள்ள வேண்டும். அதைச் சொல்லிக் கொடுப்பதில் என்னுடைய ஆலோசனை அறையைவிட ஏரிக்கரை கெட்டிக்காரத்தனமானது என்று ஒப்புக்கொள்வதில் எனக்குக் கூச்சமில்லை.

உங்கள் மகன் சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது. 2022-இல் ஜெர்மனி ஆய்வாளர்கள் வெளியிட்ட ஓர் இணையவழிச் சோதனையில், 295 பேருக்கு 6 நிமிடம் போக்குவரத்து இரைச்சலையோ பறவைப் பாட்டையோ ஒலிப்பதிவாகக் கேட்க வைத்தார்கள். பறவைப் பாட்டைக் கேட்டவர்களின் பதற்றம் குறைந்தது. இரைச்சலைக் கேட்டவர்களின் மனச்சோர்வு கூடியது. ஆனால் பறவைப் பாட்டால் மனச்சோர்வு குறைந்தது பல இனப் பறவைகளின் குரலைக் கலந்து கேட்டவர்களுக்கு மட்டும்தான், அதுவும் சிறிதளவே. ஆகவே போக முடியாத நாளில் போனில் கேட்பது வீண் இல்லை. எனினும் உங்களுக்குத் தேவைப்படுவது பதற்றம் தணிவது மட்டும் இல்லை. 'அன்று ஞாயிற்றுக்கிழமையே கூட்டிக்கொண்டு போயிருந்தால்', 'அந்த ஒரு டம்ளர் தண்ணீரைக் கொடுக்காமல் இருந்திருந்தால்' என்று மனம் ஒரே இடத்தில் சுற்றிக்கொண்டிருக்கும். கடிதத்தில் நீங்கள் அதை எழுதாவிட்டாலும், பராமரித்தவர்களில் அது இல்லாதவரை நான் அதிகம் பார்த்ததில்லை. 2015-இல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள், சிலரைப் புல்வெளியும் மரங்களும் உள்ள இடத்திலும், வேறு சிலரை வாகனங்கள் விரையும் சாலையோரத்திலும் 90 நிமிடம் நடக்க வைத்துப் பார்த்தபோது, மரங்களுக்கிடையே நடந்தவர்களிடம்தான் இப்படி ஒன்றையே அசைபோடும் எண்ணம் குறைந்திருந்தது. அந்தப் பலன் காலுக்கும் கண்ணுக்கும் காதுக்கும் ஒருசேர வேலை கிடைக்கும்போது வருவது என்பது என் எண்ணம். படுக்கையில் கிடந்தபடி போனைக் காதில் வைத்துக்கொண்டு எதிர்பார்க்க முடியாது.

எவ்வளவு நேரம் போதும் என்று பலரும் கேட்பார்கள். இங்கிலாந்தில் சுமார் 20,000 பேரிடம் திரட்டிய விவரங்களை வைத்து 2019-இல் வெளியான ஆய்வில், வாரத்துக்கு 120 நிமிடமாவது இயற்கையான இடங்களில் கழித்தவர்கள் தங்கள் உடல்நலமும் மனநலமும் நன்றாக இருப்பதாகச் சொல்வது அதிகமாக இருந்தது. அதை ஒரே நாளில் கழித்தாலும் பிரித்துக் கழித்தாலும் வேறுபாடு இல்லை. நலமாக இருப்பவர்கள்தானே வெளியே அதிகம் போவார்கள் என்று நீங்கள் கேட்டால், அது நியாயமான கேள்வியே. ஆகவே அந்த எண்ணை மருந்தின் அளவுபோலப் பிடித்துக்கொள்ள வேண்டாம். ஒருநாள் போக முடியவில்லை என்பதற்காக மனம் நோவது, ஆறுதலுக்காகத் தொடங்கியதையும் இன்னொரு கடமையாக்கிவிடும். கடமைகள் உங்களுக்கு ஏற்கெனவே போதும்.

இனி நாத்தனார் விஷயம். கணவனை இழந்தவள் விடியலில் எதிரே வந்தால் சகுனம் சரியில்லை என்பதைத்தான் அவர் நாசூக்காகச் சொல்லியிருக்கிறார் என்று புரிந்துகொள்கிறேன். அந்த எண்ணத்துக்கு நான் ஒரு சொட்டு மரியாதையும் தர மாட்டேன். நான்கு ஆண்டுகள் ஒருவரை உயிரோடு வைத்திருக்க இருட்டில் எழுந்து ஓடிய பெண், அதே இருட்டில் தனக்காக நடக்கும்போது அபசகுனமாகிவிடுகிறாள் என்றால், கோளாறு அவள் நடையில் இல்லை. கழிஞ்சூர் ஏரிக்கரையிலோ, வேலூர்க் கோட்டை அகழியோரத்திலோ காலையில் கை வீசி நடக்கும் ஆண்களில் எத்தனை பேர் மனைவியை இழந்தவர்கள் என்று யாராவது விசாரிக்கிறார்களா?

இதைச் சொல்லிவிட்டு, இன்னொன்றையும் சொல்ல வேண்டியிருக்கிறது. உங்களுக்குக் கணவர் போனதுபோலவே அவருக்கு உடன்பிறந்தவர் போயிருக்கிறார். துக்கம் கேட்க வருகிறவர்கள் மனைவியிடம் உட்கார்ந்து பேசுவார்கள். அக்கா தங்கையிடம் 'காபி போடும்மா' என்று சொல்லிவிடுவார்கள். தம் அண்ணனை இவ்வளவு சீக்கிரம் வீடு மறந்துவிடுமோ என்ற பயமும் அந்தக் கடுஞ்சொல்லுக்குள் இருக்கலாம். ஆகவே வாதம் பண்ண வேண்டாம். ஒருநாள், "எனக்குத் தனியாப் போகப் பயமா இருக்கு, நீங்களும் கூட வாங்க" என்று கூப்பிட்டுப் பாருங்கள். வரவில்லை என்றால் நஷ்டம் ஒன்றுமில்லை. வந்தால், நடந்துகொண்டே பேசும்போது முகத்துக்கு நேரே பார்க்க வேண்டிய சங்கடம் இல்லாததால், வீட்டுக்குள் வராத பேச்செல்லாம் வரும். நாய்களைப் பற்றிய உங்கள் மகனின் கவலையும் பாதி தீர்ந்துபோகும்.

நிம்மதி வருவது தவறா என்ற கேள்விக்குத் தனியாக நீண்ட விடை தேவையில்லை. தவறில்லை. ஏரிக்கரையில் மனம் லேசாகி, வீட்டுக்கு வந்து அவர் சட்டையைப் பார்த்ததும் மறுபடி கனத்துப்போவது உங்களுக்கு முரணாகத் தோன்றலாம்; உண்மையில் துக்கம் ஆறும் விதமே அதுதான். ஒரே நாளில் அழுகையும் வரும், தோட்டத்தில் பூத்ததைப் பார்த்து முகம் மலர்வதும் நடக்கும். இரண்டுக்கும் இடையே போய்வரத் தெரிந்த மனமே நலமான மனம்.

குயிலைப் பற்றி எழுதியதைப் படித்துவிட்டுச் சற்று நேரம் அப்படியே இருந்தேன். குயிலுக்குப் பதில் கூவாத பிள்ளைப் பருவம் நம் ஊரில் யாருக்கும் இருந்திருக்காது. நாம் கூவக் கூவ அது இன்னும் உச்சத்துக்கு ஏற்றிக் கூவும், தன் எல்லைக்குள் வேறொரு ஆண் வந்துவிட்டது என்று எண்ணி. சிவந்த கண்ணும் கரிய உடம்புமாக இலைக்குள் மறைந்திருந்து பாடுவது ஆண் குயில். புள்ளி போட்ட பழுப்புப் பெண் குயிலுக்கு அந்தப் பாட்டு கிடையாது, 'கிக் கிக் கிக்' என்ற குரல்தான். குளிர்காலத்தில் அது எங்கேயும் போய்விடுவதில்லை. இங்கேயே வாய் மூடி இருந்துவிட்டு, காக்கை கூடு கட்டத் தொடங்கும் காலத்தை ஒட்டிக் குரலெடுக்கிறது. அதனால்தான் கணவர் இறந்தபின் வந்த மாதங்களில் கேட்காத அந்தக் குரல் மாசியில் திடீரென்று கேட்டு உங்களைத் தாக்கியிருக்கிறது. பிரிந்திருப்பவருக்குக் குயிலின் குரல் வேதனை தரும் என்று நம் பழைய பாட்டுக்காரர்கள் சொல்லி வைத்ததும் இதே அனுபவத்தைத்தான்.

அதற்காகக் காதைப் பொத்திக்கொள்ளவோ வழியை மாற்றிக்கொள்ளவோ வேண்டாம். தவிர்க்கத் தவிர்க்க, அந்த ஒலி இன்னும் பெரியதாக வளரும். குயிலோ பங்குனி சித்திரையில் இரவிலும் கூவும், ஓடி ஒளிய இடமிருக்காது. குயில் கூவியதும் மதகுக் கட்டையிலோ கல்லிலோ உட்கார்ந்துகொள்ளுங்கள். அழுகை வந்தால் அழுங்கள். நீங்கள் எதையும் செய்து அதை நிறுத்தாவிட்டாலும், சில நிமிடங்களில் அலை தானே இறங்குவதைக் காண்பீர்கள். அடுத்த வாரம் அதே உயரத்துக்கு அது எழும்பாமலும் போகலாம். அவர் சார்பில் நீங்கள் பதில் கூவிப் பார்க்கலாமா என்று உங்களுக்கே ஒருநாள் தோன்றினால், அதையும் வெட்கப்படாமல் செய்யுங்கள். அதற்கு முன் யாரும், நான் உட்பட, அப்படிச் செய்யச் சொல்லித் தூண்டக் கூடாது. ஒன்று மட்டும் கவனியுங்கள்: காலையில் கேட்ட குயிலால் அன்று முழுவதும் சமைக்க முடியவில்லை, குளிக்க முடியவில்லை என்கிற நிலை தொடர்ச்சியாக வந்தால், அதை மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

நடைமுறையாகச் சில விஷயங்கள். சர்க்கரை உள்ளவர் என்பதால் வெறும் வயிற்றில் போகாதீர்கள். இரண்டு பிஸ்கட்டாவது சாப்பிட்டுவிட்டு, இன்னும் கொஞ்சத்தைப் பையில் வைத்துக்கொண்டு போங்கள். கரையோரங்களில் சீமைக்கருவேல முள் கிடக்கும், சர்க்கரைக் காலில் முள் தைத்தது தெரியாமலே புண்ணாகிவிடும். ரப்பர் செருப்பு வேண்டாம், மூடிய ஷூ போடுங்கள், வந்ததும் பாதத்தைப் பாருங்கள். நாலரைக்கு விழித்தாலும் அப்போதே கிளம்ப வேண்டாம். பாம்பும் நாயும் கண்ணுக்குத் தெரியும் வெளிச்சம் வந்தபின், ஐந்தே முக்காலை ஒட்டிக் கிளம்பினால், பறவைகளின் நல்ல நேரம் தப்பாது. வாரத்தில் சில நாட்கள் மாலையிலும் சூரியன் இறங்கும் வரை வெளியே இருந்து பாருங்கள். மிகச் சீக்கிரம் விழித்துவிடுகிறவர்களுக்கு மாலை வெளிச்சம் உடம்பின் கடிகாரத்தைச் சற்றுப் பின்தள்ளி உதவக்கூடும்.

இன்னொரு யோசனை உண்டு. டயாலிசிஸ் காலத்தில் எடை எவ்வளவு, ரத்த அழுத்தம் எவ்வளவு, குடித்த தண்ணீர் எத்தனை மில்லி என்று ஒரு நோட்டில் எழுதி வந்திருப்பீர்கள். கூர்ந்து பார்ப்பதும், சின்ன மாற்றத்தைப் பிடிப்பதும், தேதி போட்டு எழுதுவதும் உங்களுக்குக் கைவந்தவை; பறவை பார்க்கிறவருக்கு வேண்டியவையும் இவையேதான். ஒரு புது நோட்டு வாங்குங்கள். பழைய நோட்டின் மிச்சப் பக்கங்களில் எழுத வேண்டாம்; சிக்கனம் பார்க்க வேண்டிய இடம் அதுவன்று. தேதி, எந்த மரம், என்ன சத்தம், தெரிந்தால் பெயர், தெரியாவிட்டால் காதில் விழுந்தபடி 'டிரீ டிரீ' என்றோ 'ஊப் ஊப்' என்றோ எழுதிக்கொள்ளுங்கள். குரலைக் கேட்டுப் பெயர் சொல்லும் செயலிகள் போனில் இருக்கின்றன. முதல் சில மாதங்கள் அவற்றை எடுக்காமல் இருந்தால் நல்லது, பெயர் தெரிந்ததும் காது கேட்பதை நிறுத்திவிடும்.

மாத்திரைகளை நீங்களாக நிறுத்தாதீர்கள். மனம் லேசாவது நடையால் மட்டும்தானா, மாத்திரைகளும் வேலை செய்யத் தொடங்கியதாலா என்று உங்களாலும் என்னாலும் பிரித்துச் சொல்ல முடியாது. தூக்க மாத்திரையையோ மனச்சோர்வுக்கான மாத்திரையையோ திடீரென்று விட்டால் தூக்கமின்மையும் படபடப்பும் முன்னைவிட மோசமாகத் திரும்பலாம். குறைப்பதானாலும் மருத்துவர் படிப்படியாகத்தான் குறைப்பார். எழுதிக் கொடுத்தவரிடமே போய், நடைக்குப் போவதையும் அதனால் வந்த மாற்றத்தையும் சொல்லிக் கேளுங்கள். இழப்பு நேர்ந்து ஆறு மாதங்களுக்கு மேலாகியும், இறந்தவரைப் பற்றிய ஏக்கம் ஏறக்குறைய தினமும் ஆளை முடக்கிப்போட்டால், அதை நீடித்த துக்கம் என்ற தனி நோயாகவே உலகச் சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியல் இப்போது வகைப்படுத்துகிறது; அதற்குத் தனிச் சிகிச்சையும் உண்டு. நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் உங்களிடம் அது தெரியவில்லை, ஆனாலும் நேரில் பார்க்காமல் நான் உறுதி சொல்லக் கூடாது. வேலூர் பாகாயத்தில் சி.எம்.சி. எனப்படும் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் மனநல மையம் இருக்கிறது. அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் மனநலப் பிரிவு உண்டு. 'இருந்து என்ன செய்யப் போகிறேன்' என்ற எண்ணம் எப்போதாவது தலைகாட்டினால், எந்த நேரமானாலும் டெலி மனஸ் என்ற அரசு உதவி எண் 14416-ஐ அழையுங்கள், தமிழிலேயே பேசலாம்.

கடைசியாக, பறவைகள் ஓய்ந்துவிட்டால் என்ன செய்வது என்ற பயம். அவை ஒரேயடியாக ஓய்வதில்லை, முறை மாற்றிக்கொள்கின்றன. அக்கினி நட்சத்திரத்தில் ஆறரை மணிக்குள் வீடு திரும்பிவிட வேண்டியிருக்கும், அவ்வளவுதான்; குயில் அப்போதும் கூவிக்கொண்டிருக்கும். ஆனி ஆடியில் மழை தட்டத் தொடங்கினால், நீரோரப் பனையிலும் ஈச்சமரத்திலும் தூக்கணாங்குருவிகள் கூடு பின்னும். ஆண் குருவி பாதிக் கூட்டைப் பின்னி முடித்துச் சிறகடித்து அழைக்க, பெண் குருவி வந்து பார்த்துவிட்டுப் பிடிக்கவில்லை என்று போய்விடுவதைப் பார்த்தால் உங்களுக்கு நிச்சயம் சிரிப்பு வரும். புரட்டாசிக்குப் பிறகு வடக்கிலிருந்து வலசை வருபவை வந்து சேரும். காவேரிப்பாக்கம் ஏரியில் தண்ணீர் இருந்தால் மகன் வரும்போது ஒருமுறை காரில் போய்ப் பாருங்கள். காலையிலும் மாலையிலும் ஆறு மணியை ஒட்டி இரட்டை விசில் கொடுப்பதால் ஆறுமணிக்குருவி என்று பெயர் பெற்ற பறவை, இமயமலை அடிவாரம் வரைக்கும் பரவியுள்ள தன் இனப்பெருக்க இடங்களிலிருந்து நம் பக்கத்துத் தோட்டங்களுக்கு வருவதும் அந்த மாதங்களில்தான். தை மாதத்தில் பொங்கல் நாட்களில் தமிழகம் முழுவதும் ஆர்வலர்கள் பறவைகளைக் கணக்கெடுக்கிறார்கள். இருக்கும் இடத்திலிருந்தே பதினைந்து நிமிடம் பார்த்து எழுதினால் போதும், அதற்குள் உங்கள் நோட்டு பாதி நிரம்பியிருக்கும்.

பறவைகளைவிட நான் கவலைப்படுவது ஐப்பசியைப் பற்றித்தான். வருஷ திதி நெருங்கும் இரண்டு மூன்று வாரங்களில், இவ்வளவு நாள் ஆறி வந்ததெல்லாம் வீணானதுபோல் மனம் சரியும். தூக்கம் மறுபடி கெடும். நாத்தனாருக்கும் அப்படியே இருக்கும். அது பலருக்கும் வருவது, வந்துவிட்டுப் போவது. திதிக்கு முதல் நாள் வந்து மறுநாளே கிளம்பிவிடாமல் ஒரு வாரமாவது தங்கும்படி மகனிடம் இப்போதே சொல்லி விடுப்பு எடுக்கச் சொல்லுங்கள்; உங்கள் மருத்துவரிடமும் புரட்டாசிக் கடைசிக்கு ஒரு நேரம் கேட்டு வாங்கி வைத்துவிடுங்கள்.